தாருக்கும் சரளைக்கும் ஒரே டயர்

அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில் பிளின்ட் ஹில்ஸ் என்று ஒரு குன்றுப் பிரதேசம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்கிடையே சிக்கிமுக்கிக் கல் மண்டிக் கிடக்கும் அந்தப் பூமியில் ஏர் இறங்காது. ஏர் இறங்காத காரணத்தினாலேயே, சுற்றுவட்டாரமெல்லாம் தானிய வயலாக மாறிய பின்னும், ஆளுயரப் புல்வெளி அங்கே அழியாமல் நிலைத்திருக்கிறது. அந்தப் புல்லினூடே செல்லும் சரளைப் பாதைகளில், எம்போரியா என்னும் சிற்றூரிலிருந்து புறப்படும் 200 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்று 2006-ல் தொடங்கியது. ‘அன்பவுண்ட்’ என்பது அதன் இன்றைய பெயர். கலப்பையை விரட்டிய கல் இப்போது டயரைக் கிழிக்கிறது. எந்த டயரைப் பூட்டுவது என்ற விசாரம் அங்கே வருகிறவர்களுக்குச் சாப்பாட்டு விசாரத்தைக் காட்டிலும் பெரிது.

பந்தயம் நமக்கு வேண்டாம். தார்ச்சாலையில் பத்து மைல், பிறகு கப்பியும் மண்ணுமான பாதையில் ஐந்து மைல் என்று கலந்து பிரயாணம் செய்கிறவருக்கும் கேள்வி அதுவேதான். கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்களை. என் அபிப்பிராயத்தில் அவை கடைசியில் பார்க்க வேண்டியவை. டயர் எவ்வளவு காற்றைக் கொள்ளும் என்பது முதற்கேள்வி. அந்தக் காற்றைச் சுற்றியிருக்கும் துணி எவ்வளவு இளக்கமானது என்பது அடுத்தது.

காற்றின் மகிமை தெரிந்து வெகுகாலமாயிற்று. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்திப் பார்த்து, 1888-ல் அதற்கு உரிமைச் சாசனமும் பெற்றார். (ராபர்ட் தாம்ஸன் என்பவர் நாற்பதாண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டிருந்தார் என்று தெரியவந்து, அந்தச் சாசனம் பின்னால் செல்லாமற்போனது வேறு கதை.) அடுத்த ஆண்டே வில்லி ஹ்யூம் என்ற வீரர், அந்தப் பருத்த டயர்களோடு பெல்பாஸ்ட் பந்தயங்களில் இறங்கி, கெட்டி ரப்பர் டயர்க்காரர்களைப் பின்னே தள்ளினார். ஆயினும், பருமனால் வந்த இந்த வெற்றியை மறந்துவிட்டு, பந்தயக்காரர்கள் டயரை 20, 23 மில்லிமீட்டர் வரை ஒல்லியாக்கி, சதுர அங்குலத்துக்கு நூறு ராத்தலுக்கு மேல் காற்றை அடைத்துக் கல்லாக்கிக்கொண்டு, அதுவே வேகமென்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

சக்தி எங்கே விரயமாகிறது என்பதை அறிந்தால் விஷயம் தெளிவாகும். கீழே போட்ட ரப்பர் பந்து போட்ட உயரத்துக்குத் திரும்ப எழும்புவதில்லை. நசுங்கும்போது வாங்கிய சக்தியில் ஒரு பங்கை உஷ்ணமாக இழந்துவிட்டே மீள்கிறது. உருளும் டயருக்கும் அதே விதிதான். பின்சக்கரத்தின் மேல் 100 ராத்தல் பாரமும், டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 50 ராத்தல் அழுத்தமும் இருந்தால், தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 2 சதுர அங்குலம். டயர் ஒல்லியானாலும் பருத்தாலும் இப்பரப்பு அதிகம் மாறாது, வடிவந்தான் மாறும். ஒல்லி டயர் நீளவாக்கில் ஆழ நசுங்குகிறது. பருத்த டயர் அகலவாக்கில் பதிந்து குறைவாக வளைகிறது, ஆதலால் குறைவாகவே இழக்கிறது.

அப்படியானால் காற்றை இறுக அடித்து நசுங்குதலையே ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். இரும்பு உருளையின் மேல் டயரை ஓட்டிப் பார்க்கும் பரிசோதனைச் சாலையில் அந்த வாதம் ஜெயிக்கும். ஆனால் அங்கே சைக்கிளின் மேல் மனிதன் உட்கார்ந்திருப்பதில்லை. கரடான பாதையில் இறுகிய டயர் துள்ளும்போது, அந்த அதிர்ச்சி ஓட்டுபவரின் எலும்பையும் தசையையும் குலுக்கி, அங்கே வீண் உஷ்ணமாகக் கரைகிறது. அமெரிக்காவில் ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ என்னும் பத்திரிகையை நடத்திய யான் ஹைனேயும் அவர் தோழர்களும், தூங்கி வழியும் மோட்டார் ஓட்டிகளை எழுப்புவதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின் மேல் சைக்கிள் விட்டு, மிதிக்கும் சக்தியைக் கருவியால் அளந்தார்கள். பக்கத்திலிருந்த வழவழப்பான தளத்தில் செல்லும் அதே வேகத்தைக் காக்க மிக அதிக உழைப்பு வேண்டியிருந்தது. மிகையெல்லாம் குலுங்குவதற்கே சரியாய்ப் போயிற்று.

ஆகவே கலப்புப் பாதைக்கு 38 முதல் 42 மில்லிமீட்டர் வரையுள்ள டயரையே நான் சொல்வேன். துணியைப் பொறுத்தவரை, அங்குலத்துக்கு 120 இழை என்றால் மெல்லியது, 30 என்றால் முரடு. (இரண்டு மூன்று அடுக்குகளின் இழைகளைக் கூட்டி எண்ணிப் பெரிதாகக் காட்டும் சாமர்த்தியசாலிகளும் உண்டு.) மெல்லிய துணி சுலபமாக வளையும், சுகமாக ஓடும், ஆனால் பிளின்ட் ஹில்ஸ் போன்ற கூரிய கல் நிலத்தில் பக்கவாட்டுச் சுவர் கிழிந்துவிடும். அத்தகைய இடத்தில் வேகத்தைச் சற்றுத் தியாகம் செய்து தடித்த சுவரையே கொள்ள வேண்டும்.

இனி, பட்டன். சேற்றிலும் இளகிய மண்ணிலும் அது கடித்துப் பிடிக்கும் என்பது மெய். உலர்ந்த சரளையிலோ வழுக்குவது கல்லின் மேல் கல். பட்டன் அங்கே அதிகம் சாதிப்பதில்லை. தார்ச்சாலையில் அது நெளிந்து சக்தியைத் தின்று, இரைச்சலும் போடுகிறது. மோட்டார் வண்டியைப்போல் ஈரச்சாலையில் நீர்ப்படலத்தின் மேல் மிதந்து வழுக்கும் பயமும் சைக்கிளுக்கு இல்லை. அதன் டயர் ஒடுக்கமானது, வேகமும் சொற்பம். நடுவில் மொட்டையாகவும் ஓரங்களில் பட்டனோடும் வரும் டயர் நல்ல சமரசமாகத் தோன்றும். தார்ச்சாலை வளைவில் வண்டி சாயும்போது திடீரென்று பட்டன் மேல் ஏறி நெளிவது அதன் தோஷம்.

டியூப் இல்லாத டயரில், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும் பஞ்சர் கிடையாது. உள்ளே ஊற்றும் பால் போன்ற ரப்பர் திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் அது உலர்ந்துவிடும், வெயில் தேசங்களில் இன்னும் சீக்கிரம், ஆகையால் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஊற்ற வேண்டும்.

வாங்குமுன் டயரின் சுவரில் 40-622 என்பது போன்ற எண்ணைப் பாருங்கள். முன்னது அகலம், பின்னது டயர் ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்துக்கு அது 635. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. போர்க்கின் கால்களுக்கும் டயருக்கும் இடையே பக்கத்துக்கு 5 மில்லிமீட்டராவது இருக்கட்டும், சேறு அப்பினாலும் சக்கரம் சுற்ற வேண்டுமே. சுவரில் கூடவே அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் உச்சவரம்பே. அவ்வளவு அடித்தே தீரவேண்டுமென்பதில்லை. 70 கிலோ ஆள் 40 மில்லிமீட்டர் டயரில் பின்னே 40 ராத்தலும், முன்னே இரண்டு மூன்று குறைவாகவும் வைத்துப் புறப்படலாம். ரிம் கல்லில் மோதினாலும், எழுந்து நின்று மிதிக்கையில் டயர் நெளிந்தாலும் இரண்டு ராத்தல் கூட்டிக்கொள்ளலாம். கை மரத்துப்போகும்படி குலுக்கினால் அதே அளவு இறக்கிக்கொள்ளலாம்.