இரட்டைச் சுவரும் ஓதமும்

நூல் சிப்பமும் நெல் மூட்டையும் கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம். அம்மூலதனம் அங்கத்தினர்களின் பங்குத் தொகையேயாகும். கிடங்கில் ஓதம் ஏறினால் நஷ்டம் அனைவரையும் சாரும். நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினால் ஓதமே வாராது என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்கிறோம். அது பாதி உண்மையே. மற்றப் பாதியையும் அறிந்த பின்னரே சங்கத்தின் பணத்தைச் செலவிடுதல் வேண்டும்.

ஓதம் மூன்று வழிகளில் வருகிறது. நிலத்தடி ஈரம், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. சாரல் மழை வெளிப்புறமிருந்து ஊடுருவுகிறது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிகிறது.

பிரிட்டனில் 1920-களிலிருந்து பரவிய இரட்டைச் சுவர், இவற்றுள் சாரலைத் தடுக்க எழுந்தது. வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே சுமார் 2 அங்குல வெற்றிடம் இருக்கும். இரண்டையும் இணைப்பவை உலோகக் கம்பிகள் மட்டுமே. கொத்தனாரின் கவனக்குறைவால் காரை அவ்விடைவெளியில் விழுந்து தங்கினால், அதுவே ஈரத்திற்குப் பாலமாகும். குளிரைத் தடுக்கப் பஞ்சு போன்ற பொருள்களை உள்ளே நிரப்பிய வீடுகளிலும், சாரல் மிகுந்த இடங்களில், அப்பொருள் நனைந்து ஈரத்தை உட்சுவருக்குக் கடத்துவதுண்டு.

நம் நாட்டில் லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு வேறு வகையினது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் நடுவே வெற்றிடம் அமைகிறது. செங்கல்லில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு மிச்சமாகும்; வெயிலின் வெப்பமும் எளிதில் உட்புகாது. ஆயினும் குறுக்குச் செங்கற்கள் இருபுறத்தையும் இணைப்பதால், சாரல் ஈரம் அவற்றின் வழியே உள்ளே வரக்கூடும். நிலத்தடி ஓதத்தையோ எந்த வெற்றிடமும் தடுப்பதில்லை. அதனைத் தடுப்பது அடித்தளத்தின் மேல் இடும் ஓதத்தடுப்புப் படலமே.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுக. தாளின் உட்புறத்தில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரினுடையது. வெளிப்புறத்தில் துளிர்த்தால் காற்றினுடையது.

சுவர் ஈரமாயின், அதன்மேல் சிமெண்டு பூசி மறைப்பது தீர்வாகாது. உலர வழியின்றி ஈரம் இன்னும் உயரே ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிடச் செய்யும். கிடங்கின் தளம் தரைமட்டத்திற்கு ஒன்றரை அடியேனும் உயர்ந்திருத்தல் நன்று. கூரையின் இறவாரம் அகன்றிருக்கட்டும். மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குக. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மிகலாகாது. கஞ்சியிட்ட பாவில் பூசணம் விரைந்து பற்றுமாதலால் அதனைச் சுவரோரம் வைத்தல் தகாது.

நெசவுக்குக் காற்றில் ஓரளவு ஈரப்பதம் வேண்டும். இல்லையேல் இழை அறும். குழித்தறியின் குழிச்சுவரில் ஓதம் கசிவது அதுவன்று; அது நெசவாளியின் காலையும் துணியையும் ஒருங்கே கெடுக்கும்.

கட்டட மதிப்பீடு நிர்வாக சபையின் முன் வரும்போது, செங்கல் மிச்சத்தைப் பார்க்குமுன் ஓதத்தடுப்புப் படலத்திற்குத் தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா என்று அங்கத்தினர் கேட்க வேண்டும். சுவர் எழும்பிய பின் அதனை இடுவது பன்மடங்கு செலவு பிடிக்கும் வேலையாகும்.