வண்டியின் காய்ச்சலைச் சொல்லும் சிறு கருவி

நம் சங்க அன்பர்களில் சிலர் பழைய மாருதி 800 வண்டியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். 1983 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனாலும் குகட்பள்ளிப் பக்கம் ஏதாவது ஒரு வீதியில் நுழைந்தால் ஒன்றாவது கண்ணில் படும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவதும் சிலர் இதிலேதான். நார்க்கட்பல்லி, அத்தங்கி, ஓங்கோல், நெல்லூர் என்று சென்னை போய்ச் சேர அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மே மாத வெயிலில் அவ்வளவு தூரம் போகும் வண்டியில் நம்மை எச்சரிக்க இருப்பது டெம்பரேச்சர் முள் ஒன்றுதான். அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்புவது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைச் சென்சார்.

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் மின் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், காலனி நண்பர்கள் இந்த முள்ளைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. "சார், முள் ஏறவே மாட்டேங்குது, சென்சாரை மாத்திடலாமா?" என்பதுதான் வழக்கமான கேள்வி. "மாத்தறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க" என்பதே என் வழக்கமான பதில். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் சென்சார் நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தது வயரோ, எர்த்தோதான்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்ற ஒரு சிறு வில்லை. செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். இதற்கோ சூடு ஏற ஏற மின்தடை குறையும். வெள்ளி சல்ஃபைடில் இந்தத் தலைகீழ்க் குணம் இருப்பதை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டு எழுதியிருக்கிறார். வண்டியில் நடப்பது இதுதான்: கூலன்ட் சூடாகிறது, தடை இறங்குகிறது, மின்சாரம் கூடுதலாக ஓடுகிறது, முள் ஏறுகிறது.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதியில் இந்தச் சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான். திரும்பிப் போகும் பாதை அதன் பித்தளை உடம்பு, மரை வழியாக என்ஜின், அங்கிருந்து எர்த் வயர் வழியாக பேட்டரி. ஆகவே வயர் அறுந்தால் முள் கீழேயே படுத்துக் கிடக்கும். வயர் தோல் உரிந்து என்ஜினில் பட்டாலோ, குளிர்ந்த வண்டியிலும் முள் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. ரேடியேட்டர் ஃபேனை ஓட்டுவது தனி ஸ்விட்ச். ஃபேன் ஓடவில்லை என்று முள்ளின் சென்சாரை மாற்றுவது, காது வலிக்குக் கண் மருந்து போடுவது போல.

2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கம்ப்யூட்டருக்கென்று இரண்டு வயர் சென்சார் உண்டு. அது கெட்டால் என்ஜின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும். கறும்புகை வரும், மைலேஜ் விழும், சூடான வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். இந்த வயர்களில் கீழே சொல்லும் பல்பு சோதனையைச் செய்யவே கூடாது. பேட்டரி மின்சாரம் பட்டால் கம்ப்யூட்டர் போய்விடும். செலவு பல மடங்கு.

ஒரு வயர் சென்சாருக்கான சோதனை எளிது. சென்சாரிலிருந்து வயரைக் கழற்றி, டாஷ்போர்டில் போடுகிற 3.4 வாட் சிறு பல்பு ஒன்றின் வழியாக என்ஜின் உடம்பில் தொடவைத்து, சாவியைப் போடுங்கள். பல்பு எரிந்து, சில விநாடிகளில் முள் அசைந்தால் மீட்டரும் வயரும் சரி. குற்றவாளி சென்சார் அல்லது அதன் எர்த். முள் அசையாவிட்டால் புதுச் சென்சார் வாங்கிப் பயனில்லை. வயர் வந்த வழியே கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். என்ஜின் ஆடும் இடத்திலும், இரும்புத் தகட்டின் ஓட்டைக்குள் நுழையும் இடத்திலும்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் முனையை மட்டும் நனைத்து, மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். கோட்டி குஜராத்தி கல்லியில் சாதாரண மீட்டரே போதுமானது கிடைக்கும். கம்ப்யூட்டர் சென்சாரானால் 20 டிகிரியில் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் முந்நூறு ஓம் சுமார். முள்ளின் சென்சாருக்கு எண் வேறு. அது குதிக்காமல் சீராக இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். ஒன்று: சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், அதோடு இனிப்பாக வேறு இருக்கும். தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிட வேண்டும். குழந்தைகளும் தெரு நாய்களும் இருக்கிற இடம்.

மாற்றுவது என்று முடிவானால் காலையில், என்ஜின் முழுதும் ஆறியபின் செய்யுங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் அழுத்தம்தான் அதை ரேடியேட்டருக்குள் கொதிக்காமல் அடக்கி வைத்திருக்கிறது. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீரும் ஆவியும் ஒரே கணத்தில் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து திரும்ப மூடினால் அழுத்தம் நீங்கும். சென்சாரைக் கழற்றும்போது தண்ணீரும் அதிகம் கொட்டாது. கனெக்டரின் கிளிப்பை அழுத்திக் கனெக்டரையே இழுங்கள், வயரை இழுக்காதீர்கள். புதுச் சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றி, ஓட்டையை விரலால் மூடி, உடனே புதியதைப் போட்டால் அரை டம்ளர் கூட வீணாகாது. ராணிகஞ்ச் கடைகளுக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் மரையையும் கனெக்டரையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஓம் கணக்கு வேறாக இருக்கலாம்.

மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றுகிற பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. ஒரு வயர் சென்சாருக்கு மரைதான் எர்த் என்று சொன்னேன் அல்லவா? டேப் அதை அடைத்துவிடும். புதுச் சென்சார் போட்டும் முள் ஏறாது. வாஷரோடு வந்தால் வாஷர் மட்டும் போதும். கையால் முழுதும் திருகியபின் ஸ்பேனரில் கால் சுற்று. அது இறங்கும் இடம் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

வயரிங்கில்தான் கூடுதல் கவனம் தேவை. உரித்து முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுகிற வேலை என்ஜின் பக்கத்தில் ஒரு கோடை தாங்காது. பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். அறுந்த இடத்தில் வண்டிக்கென்று விற்கும் பல இழை வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். குழாயை முதலிலேயே வயரில் கோத்துக்கொள்ள வேண்டும். சைலென்சர் பக்கம் வயர் போகக்கூடாது. என்ஜின் ஆடுவதற்கு இரண்டு அங்குலம் தளர்வு விடுங்கள். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால், வேறு பல கோளாறுகளும் சேர்ந்தே தீர்வதுண்டு.

முள் எப்போதும் கீழேயே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்றோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பார். என்ஜின் சூடே ஆகாமல் ஓடும், பெட்ரோல் குடிக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும்தான். அப்போது முள் ஏறாது, இறங்கவும் கூடும். காலனி நண்பர் ஒருவர் குடும்பத்தோடு நெல்லூரைத் தாண்டிப் போகையில், ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று இறங்கியது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டினார். சில கிலோமீட்டரில் என்ஜின் நின்றது. அலுமினிய ஹெட் வளைந்து, குழந்தைகளோடு வெயிலில் நின்று, கடைசியில் வண்டியை லாரியில் ஏற்றி வந்தார். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் உடனே ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, அரை மணிக்கு மேல் காத்திருந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, ஸ்லோவில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். கூலன்ட் ஊற்றி நிரப்பி மூடுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். இங்குள்ள தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் மட்டுமல்ல, சென்சாரின் முனையிலும் படிந்து அதை மந்தமாக்கும். கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலப்பதே நல்லது. பிறகு முள் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறதா, ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஆறிய வண்டியில் மட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள்.