நம்ம மலைப் புலியும் பிள்ளைகள் கேட்ட கேள்வியும்

ஆகஸ்ட் விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போய் வந்தோம். கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, துறைமுகத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் புறாத்தீவுக்குப் போனோம். 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் அது. கரையோரத் தண்ணீரிலேயே, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் ஓடித் திரிந்தன. பிள்ளைகள் அலறிவிட்டார்கள். "நாம சீண்டாட்டி அது நம்மளக் கண்டு ஓடிரும்" என்றார் வள்ளக்காரர். உடனே ஒரு பையன் கேட்டான், "சேர், அப்ப நம்ம மலைப் புலியும் அப்படித்தானா?"

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

நாம் புலி என்பது சிறுத்தையைத்தான். 2004 இல் தொடங்கிய வனாந்தர வனஜீவராசிகள் பாதுகாப்பு அறக்கட்டளை, மலையகத்தில் கமெராக்களைக் கட்டி வைத்து அதை ஆராய்ந்து வருகிறது. நம் கைரேகை போல ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிகள் வேறு. அதை வைத்தே எது எதுவென்று பிரித்தறிகிறார்கள். அதன் எச்சத்தையும் சோதித்தார்கள். மலையகத்தில் அதற்கு முக்கிய இரை மரைதான். மனிதரை அது தேடி வருவதில்லை. ஆனால் லயத்தைச் சுற்றிக் குப்பையைக் கொட்டினால் நாய் பெருகும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும். கொழுந்து பறிக்கையில் அதனிடம் காயப்பட்டவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டோம். அநேகமாக, செடிக்குள்ளே படுத்திருந்ததை அறியாமல் கிட்டப் போனபோதுதான் அப்படி நடக்கிறது. ஆகவே தனியாக மலையில் இறங்காதீர்கள், சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். குட்டியைக் கண்டால் தூக்கி வரவேண்டாம், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

பெரிய ஆபத்து கம்பிச் சுருக்குதான். 2020 மே 26 இல் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் 29 ஆம் திகதி செத்துப்போனது. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் கட்டுகிறோம் என்பார்கள். நாங்களும் பன்றிக்குத்தானே என்று பல வருடம் கண்டும் காணாமல் இருந்தோம், அது எங்கள் பிழை. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. மாட்டியதைக் கண்டால் கூட்டம் கூடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் அறிவியுங்கள்.

பயணம் போன பிள்ளைகள் இப்போது காணு ஓரமாகக் கால்தடம் தேடுகிறார்கள். சிறுத்தையின் தடத்தில் நகக்குறி விழாது என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். போன வாரம் ஒன்றைக் கண்டுபிடித்து ஓடி வந்தார்கள். போய்ப் பார்த்தோம், நாலு நகமும் பளிச்சென்று பதிந்திருந்தது. கங்காணி வீட்டு நாய்!