24 ஆயிரம் பன்றிக்குட்டிகளை காவு வாங்கிய மர்ம வைரஸ்: சிக்கியது எப்படி?

குவாங்டாங்:

சீனாவில் 4 பண்ணைகளில் மொத்தம் 24 ஆயிரத்து 693 பன்றிக்குட்டிகள் கழிச்சல் கண்டு செத்தன. கொன்னது எதுன்னு சாதாரண டெஸ்ட்டில் தெரியவில்லை. வைரசின் மரபணுவை முழுசா படித்த பிறகுதான் குட்டு உடைந்தது.

2016 அக்டோபர் கடைசியில் குவாங்டாங் மாகாணத்தில் இந்த நோய் தலைகாட்டியது. குட்டிகளுக்கு கடும் வாந்தி, பேதி. பிறந்து 5 நாளுக்குள் இருந்த குட்டிகளில் 90 சதவீதம் வரை பலி. 8 நாளைத் தாண்டிய குட்டிகளில் 5 சதவீதம்தான் இறந்தன.

முதலில் பி.இ.டி. என்ற பழைய வைரஸ் மீது சந்தேகம் விழுந்தது. சோதனையிலும் அதுவே சிக்கியது. ஆனால் 2017 ஜனவரியில் அந்த வைரசை காணோம். சாவு மட்டும் நிற்கவில்லை. மாறாக அதிகரித்தது!

டெஸ்ட்டில் ஏன் சிக்கவில்லை?

பி.சி.ஆர். டெஸ்ட் என்பது பேர் சொல்லி ஆளைக் கூப்பிடுவது மாதிரி. பேர் தெரிந்த வைரஸ்தான் சிக்கும். புதுசா வந்த ஆளுக்கு பேரே கிடையாதே!

எனவே விஞ்ஞானிகள் வேறு வழியில் இறங்கினர். செத்த குட்டியின் குடலில் இருந்த ஆர்.என்.ஏ. துண்டுகளை ஒன்று விடாமல் மெஷினில் படித்தனர். பன்றிக்கு சொந்தமானதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை கம்ப்யூட்டர் மூலம் கோர்த்தனர். சுமார் 27 ஆயிரம் எழுத்து கொண்ட புதிய கொரோனா வைரஸ் மாட்டிக்கொண்டது. அதற்கு 'சாட்ஸ்' என்று பெயர் வைத்தனர்.

வௌவால் கொடுத்த துப்பு

அடுத்த கேள்வி, இது எங்கிருந்து வந்தது? 2013 முதல் 2016 வரை அதே மாகாணத்தில் வௌவால்களிடம் எடுத்த 591 மாதிரிகளை சோதித்ததில், 58-ல் இதன் சொந்தக்கார வைரஸ்கள் இருந்தன. பண்ணை பக்கத்து குகை வௌவாலிடம் கிடைத்த வைரஸ், எழுத்துக்கு எழுத்து 98.48 சதவீதம் ஒத்துப்போனது.

மனிதர்களுக்கு பரவியதா?

பன்றிகளோடு நெருங்கிப் பழகிய 35 தொழிலாளர்களின் ரத்தத்தை பரிசோதித்தனர். யாருக்கும் தொற்றிய அடையாளம் இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டனர்.

நோயுற்ற தாய்ப்பன்றிகளையும் குட்டிகளையும் தனியே பிரித்து வைத்தனர். 2017 மே மாதத்துக்குள் சாவு அடங்கியது. இந்த ஆய்வு 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

2002-ல் சார்ஸ் நோய் முதலில் தலைதூக்கியதும் இதே குவாங்டாங்கில்தான். தெரிந்த வைரசை மட்டும் தேடிக்கொண்டு இருந்தால் புது எமன் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது என்பதே பன்றிக்குட்டிகள் உயிரைக் கொடுத்து சொன்ன பாடம்.