தாமிரபரணியில் போன 17 உயிர்கள்! காமிரா சொன்ன சாட்சி

சுங்குவார்சத்திரம், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். இன்று அங்கே சத்திரத்தைத் தேடுகிறவர் யாரும் இல்லை. தொழிற்சாலையைத் தேடித்தான் வருகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தெற்கே இருந்து வந்த பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ந் தேதி. இரவு நேரம். நெடுஞ்சாலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம் பெண்கள்.

பூந்தமல்லி விடுதியில் சாப்பிட்ட உணவு விஷமாகி, அவர்களுடைய தோழிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். "அவர்களில் சிலர் செத்துப்போனார்கள். அதை மறைக்கிறார்கள்!" என்று வதந்தி பரவியது. அதிகாரிகள் எவ்வளவோ சொன்னார்கள். பெண்கள் நம்பவில்லை. வாய்ச்சொல்லை எப்படி நம்புவது?

கடைசியில் செல்போன் கைகொடுத்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்கள் உயிரோடு இருப்பதை வீடியோவில் காட்டினார்கள். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது, பார்த்தவர்களுக்கு!

அங்கே காமிரா, உயிரோடு இருப்பவர்களைக் காட்டியது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு, அந்தப் பிள்ளைகளில் பலருடைய சொந்தச் சீமையில், காமிரா வேறு ஒன்றைக் காட்டியது.

மலையில் இருந்து வந்தவர்கள்

திருநெல்வேலிக்கு மேற்கே மலைமேல் மஞ்சோலை இருக்கிறது. மாஞ்சோலை என்றும் சொல்வார்கள். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்து எஸ்டேட்டுகள். சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான 8 ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 1929-ம் ஆண்டில் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை போட்டது.

கொழுந்து பறிக்க வந்தவர்கள் பரம ஏழைகள். வரிசையாகக் கட்டிய சின்னஞ்சிறு வீடுகளில் குடியிருந்தார்கள். மழையும் குளிரும் அட்டைக்கடியும் அவர்களுக்குப் பழகிப்போனவை. ஒரே வீட்டில் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் கொழுந்து பறித்தது உண்டு.

கூலி போதவில்லை. 'கூலியை உயர்த்து' என்று கேட்டார்கள். போராட்டம் வளர்ந்தது. 600-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டு, திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

"ஜெயிலில் இருப்பவர்களை விடுதலை செய்; கூலிப் பிரச்சினையைத் தீர்த்துவை" என்று கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஓர் ஊர்வலம் புறப்பட்டது. 1999-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி. வெள்ளிக்கிழமை. புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி முன்னே வந்தார். தமிழ் மாநில காங்கிரசும் இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து வந்தன. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் சுமந்து வந்தார்கள். மனுக் கொடுக்கத்தானே போகிறோம் என்ற நினைப்பு!

ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஆறு

கலெக்டர் அலுவலகம் கொக்கிரகுளத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது. இந்த இட அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்தது எல்லாம் அதனால்தான் அவ்வளவு கோரமாக முடிந்தது.

அலுவலகத்தை நெருங்கியபோது போலீசார் தடுத்தார்கள். வாக்குவாதம் மூண்டது. திடீர் என்று தடியடி தொடங்கியது. கற்கள் பறந்தன. கூட்டம் சிதறி ஓடியது. எங்கே ஓடுவது? எதிரே போலீஸ், பின்னால் நெரிசல். ஆற்றுப் பக்கம்தான் திறந்து கிடந்தது.

ஆண்களும் பெண்களும் ஆற்றில் இறங்கினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். தெரியாதவர்கள் தத்தளித்தார்கள். 17 பேர் மாண்டார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு பச்சைக்குழந்தையும் அடக்கம்.

'தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள்' என்றது அரசுத் தரப்பு. 'அடித்து விரட்டியதால்தான் இறந்தார்கள்' என்றார்கள் ஊர்வலத்தில் வந்தவர்கள். எது உண்மை?

கரையில் நின்ற காமிரா

அந்தக் காலத்தில் எல்லோர் கையிலும் செல்போன் கிடையாது. ஆனால் ஊர்வலத்தைப் படம் எடுக்கச் செய்தி நிறுவனங்களின் காமிராக்காரர்கள் வந்திருந்தார்கள். தடிக்கு நடுவிலும் அவர்கள் காமிராவைக் கீழே வைக்கவில்லை.

திருநெல்வேலியில் 'காஞ்சனை' என்ற திரைப்படச் சங்கத்தை நடத்திவந்த ஆர்.ஆர். சீனிவாசன், அப்படிப் பதிவான காட்சிகளைத் தொகுத்து ஒரு படம் செய்தார். படத்தின் பெயர் 'நதியின் மரணம்'. அதே 1999-ம் ஆண்டில் வெளிவந்தது. தியேட்டரில் டிக்கெட் கொடுத்து ஓட்டிய படம் அல்ல. சங்கக் கூட்டங்களில் காட்டினார்கள். கல்லூரிகளில் காட்டினார்கள்.

அதில் நடிகர்கள் இல்லை. நடந்ததுதான் இருக்கிறது. ஜனங்கள் ஓடுகிறார்கள். தடிகள் விழுகின்றன. ஆற்றில் தலைகள் தெரிகின்றன. கரையில் காக்கிச் சட்டைகள். தண்ணீரில் நிற்பவர்களை நோக்கிக் கற்கள் போகின்றன. கரை ஏற வந்தவர்கள்மீதும் அடி விழுகிறது.

மூழ்கித்தான் இறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூழ்கியவர்கள் ஏன் கரைக்கு வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் படத்தில் இருக்கிறது. பிரேத பரிசோதனைக் காகிதத்தில் அது இருக்காது.

அரசு ஒரு விசாரணைக் கமிஷனை அமைத்தது. சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி எஸ். மோகன் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையைப் போராடியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் ஒரு தெரு

இப்படிக் காமிரா சாட்சி சொன்ன கதை அமெரிக்காவிலும் உண்டு. பிலடெல்பியா நகரில் 'மூவ்' என்று ஒரு தீவிரக் கூட்டம் இருந்தது. பெரும்பாலும் கறுப்பர்கள். நாகரிக வாழ்க்கையே வேண்டாம் என்றவர்கள். மஞ்சோலைக்காரர்களைப்போல வெறுங்கையோடு இருந்தவர்கள் அல்ல, துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1978-ம் ஆண்டு நடந்த மோதலில் ஒரு போலீஸ்காரர் செத்தார். ஒலிபெருக்கி வைத்து அவர்கள் போட்ட கூச்சலை, அக்கம்பக்கத்தாராலேயே தாங்க முடியவில்லை.

1985-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி போலீசார் அவர்கள் வீட்டை வளைத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் 10 ஆயிரம் குண்டுகள் சுட்டார்கள். அப்படியும் யாரும் வெளியே வரவில்லை. மாலையில் ஹெலிகாப்டரில் இருந்து அந்த வீட்டின் கூரைமேல் வெடிகுண்டு போட்டார்கள்! ஊருக்கு நடுவே, குடித்தனக்காரர்கள் வாழும் தெருவில்!

கூரை தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே நின்றன. ஆனால் உடனே அணைக்கவில்லை. 'எரியட்டும்' என்று விட்டுவிட்டார்கள். தெருவே எரிந்தது. 61 வீடுகள் சாம்பல். 11 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். குண்டு போட்டது மன்னிக்க முடியாத செயல் என்று விசாரணைக் கமிஷன் கூறியது. ஆனால் ஒரு அதிகாரிகூட ஜெயிலுக்குப் போகவில்லை. ஜெயிலுக்குப் போனவர், தீயில் இருந்து தப்பி வந்த ரமோனா என்ற பெண்தான். 7 ஆண்டு உள்ளே இருந்தார்.

ஜேசன் ஆஸ்டர் என்பவர் இதைப் படமாக்கி 2013-ம் ஆண்டு வெளியிட்டார். புதிதாக ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. பழைய டெலிவிஷன் செய்தி, கமிஷன் விசாரணை, தப்பிய ஒரே சிறுவன் பேர்டி கொடுத்த வாக்குமூலம், இவற்றை மட்டும் ஒட்டினார். 13 வயதுப் பையன், காமிராமுன் உட்கார்ந்து, தீக்குள் இருந்ததை மெல்லிய குரலில் சொல்கிறான். கேட்க நெஞ்சு பதறுகிறது.

அந்தப் பையனைத் தீயின் அருகில் இருந்து தூக்கிவந்தவர் ஒரு போலீஸ்காரர்தான். பெயர் ஜேம்ஸ் பெர்கையர். உயிரைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு? சக போலீசார் அவருடைய பெட்டியில் ஏச்சு எழுதி வைத்தார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கொக்கிரகுளத்துக் கரையில் காமிரா அப்படி ஒரு காக்கிச் சட்டையைத் தேடியது. கிடைக்கவில்லை.

ஆற்றில் பூ

2024-ம் ஆண்டு கம்பெனி மலையை விட்டு இறங்கத் தயாரானது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பத் தொடங்கியது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு எங்கே போவது என்று கேட்டு ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அரசின் தேயிலைக் கழகமே எஸ்டேட்டுகளை எடுத்து நடத்தட்டும் என்ற வேண்டுகோளை அந்த ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு ஏற்கவில்லை.

ஆண்டுதோறும் ஜூலை 23-ந் தேதி கொக்கிரகுளத்து ஆற்றங்கரைக்கு ஜனங்கள் வருகிறார்கள். கட்சிக்காரர்கள் தனித்தனியாக வருகிறார்கள். அவரவருக்கு நேரம் ஒதுக்கிப் போலீசாரும் காவல் நிற்கிறார்கள். வந்தவர்கள் படித்துறையில் இறங்கி, தண்ணீரில் மலர் தூவிவிட்டுக் கரை ஏறுகிறார்கள்.