எஞ்சினுக்கும் மூச்சுவிட வழி வேண்டும்

"காடிக்கு கேஸ்கெட் மாற்றி ஒரு மாதம் ஆகவில்லை சார், மறுபடியும் மினியாக் ஈத்தாம் கசியுது!" பழைய கார் வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பட்டறையில் இன்னொரு கேஸ்கெட் போடுவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். பல வேளைகளில் குற்றம் கேஸ்கெட்டில் இல்லை. கட்டைவிரல் அளவேயுள்ள 'பி.சி.வி. வால்வு' அடைத்துக் கிடப்பதுதான் காரணம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கொஞ்சம் புகை கீழே எண்ணெய் அறைக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இது உண்டு. அந்தப் புகையில் எரியாத பெட்ரோலும் நீராவியும் கலந்திருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் எண்ணெய் சேறாகக் கெட்டிப்படும். அழுத்தம் கூடி, எந்த சீல் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும்.

முற்காலத்து வண்டிகளில் ஒரு குழாய் வைத்து இந்தப் புகையைச் சாலையிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய பிறகே, கலிபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல் கார்களில் இந்த வால்வைப் பொருத்தத் தொடங்கினார்கள். 1985இல் வெளிவந்த நம் புரோட்டோன் சாகாவிலும் இது உண்டு.

வால்வுக்குள் இருப்பது ஒரு சிறு முளையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, காற்று உறிஞ்சும் குழாயில் இழுப்பு பலமாக இருக்கும். முளை இழுபட்டு வழியைக் குறுக்கிவிடும். எண்ணெய் மிதியை அழுத்தினால் இழுப்பு குறையும்; ஸ்பிரிங் முளையைத் தள்ளி வழியை அகலமாக்கும். புகை அதிகம் வருவதும் அப்போதுதானே! அது திரும்பவும் எஞ்சினுக்குள் போய் எரிந்துவிடும். எஞ்சின் 'பேக்ஃபயர்' அடித்தால் வால்வு சட்டென்று மூடி, தீ எண்ணெய் அறைக்குள் பாயாமல் தடுக்கும்.

லயத்திலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு மைல் ஓடி நிற்கும் காரில் எஞ்சின் சரியாகச் சூடேறாது. நீராவி உள்ளேயே தங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை படியும். (ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதென்றால் அது வேறு நோய், உடனே பட்டறைக்குப் போங்கள்.) வாரம் ஒரு முறை சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போய்வந்தால் அந்த ஈரம் வெளியேறிவிடும்.

எஞ்சின் ஆறிய பின் வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் மாற்றிவிடுங்கள். அதன் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலர் அந்தக் குழாயில் ஓர் ஆணியைச் செருகி அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.