ஒரே கத்தி, நான்கு கடினம்

சில நூறு ரூபாய்க்கும் மல்டி டூல் கத்தி கிடைக்கிறது. பத்தாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. இரண்டிலும் கத்தி, ஸ்க்ரூடிரைவர், டின் ஓப்பனர், ரம்பம், கத்தரிக்கோல் எல்லாம் உண்டு. பல சமயம் மலிவானதில்தான் கருவிகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். அட்டைப்பெட்டியின் மேல் ‘15 இன் 1’, ‘21 இன் 1’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்குபவர் பல நேரம் ஏமாந்துபோகிறார். விலை வித்தியாசத்துக்கான காரணம் வெளியே தெரிவதில்லை. எஃகின் உள்ளமைப்பு, அதைச் சூடேற்றிக் குளிரவைத்த விதம், தகடும் தகடும் சேரும் இடத்தின் நேர்த்தி ஆகிய மூன்றில் அது ஒளிந்திருக்கிறது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால், எந்த பிராண்டு கொடுத்த காசுக்குப் பெறும் என்பதை நாமே கணித்துவிடலாம்.

படை கேட்ட கத்தி

இந்த வகைக் கத்திகளில் மிகப் புகழ்பெற்றதன் பிறப்பிடம் சுவிட்சர்லாந்து. 1880களின் இறுதியில் அந்நாட்டு ராணுவத்துக்குப் புதிய துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தகர டப்பா உணவைத் திறக்க டின் ஓப்பனரும் வேண்டும். கத்தி, டின் ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர், குத்தூசி என நான்கையும் ஒரே மடக்குக் கத்தியில் கேட்டது ராணுவம். அவ்வளவு பெரிய ஆர்டரை எடுக்க உள்நாட்டில் ஆலை இல்லை. அதனால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் தயாரானது.

ஷ்விஸ் மாநிலத்தின் ஈபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸனர், 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897 ஜூன் 12 அன்று, அதிகாரிகளுக்கான இலகுவான கத்தி ஒன்றைப் பதிவுசெய்தார். ஒரே ஸ்பிரிங் முதுகின் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி அதை அமைத்திருந்தார். இரண்டே ஸ்பிரிங்கில் ஆறு கருவிகள் நின்றன. இன்று உலகெங்கும் விற்கும் சிவப்புக் கத்தியின் அடிப்படை இந்த ஏற்பாடுதான். 1909இல் இறந்த தன் தாய் விக்டோரியாவின் பெயரை எல்ஸனர் நிறுவனத்துக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு, 1921இல் அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது.

பிரெஞ்சு மொழி பேசும் ஜூரா பகுதியின் டெலேமோன் ஊரில் வெங்கர் என்ற இன்னொரு கத்தி நிறுவனம் வளர்ந்தது. ஷ்விஸுக்கும் ஜூராவுக்கும் இடையே சச்சரவு வேண்டாமென்று, 1908இல் அரசு ராணுவ ஆர்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. அன்று தொடங்கிய போட்டி ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. விக்டோரினாக்ஸின் டின் ஓப்பனர் முன்னோக்கி வெட்டும். வெங்கரின் ஓப்பனர் பின்னோக்கி வெட்டும். விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோலின் விளிம்பு வழவழப்பானது. வெங்கரின் விளிம்பில் நுண்பற்கள் உண்டு. வழுக்கும் நூலையும் துணியையும் அந்தப் பற்கள் நழுவவிடாமல் பிடித்து வெட்டும். 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை விலைக்கு வாங்கியது. பின்னர் வெங்கர் பெயரில் கத்தி தயாரிப்பது நின்றது. அதன் நல்ல அம்சங்கள் சில, விக்டோரினாக்ஸின் டெலேமோன் வரிசையில் தொடர்ந்தன.

எங்கே எவ்வளவு கடினம்?

தரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது கடினத்தன்மை. எஃகின் கடினத்தை ராக்வெல் அளவுகோலில் சொல்வார்கள். கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ சுமையுடன் எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். ஆழத்தில் 0.002 மில்லிமீட்டர் கூடினால் கடினம் ஒரு புள்ளி குறையும். ஆகவே 56 புள்ளி எஃகுக்கும் 52 புள்ளி எஃகுக்கும் இடையே உள்ள ஆழ வித்தியாசம் 0.008 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பயன்படுத்தும்போது மட்டும் தெரியும்.

விக்டோரினாக்ஸ் வெளியிட்டிருக்கும் விவரத்தைக் கவனியுங்கள். வெட்டும் கத்திக்கு 56 புள்ளி. ரம்பம், கத்தரிக்கோல், நக அரத்துக்கு 53. ஸ்க்ரூடிரைவர், டின் ஓப்பனர், குத்தூசிக்கு 52. கார்க் திறக்கும் சுருளுக்கும் ஸ்பிரிங்குக்கும் 49. ஒரே கத்திக்குள் நான்கு விதமான கடினம். எல்லாவற்றையும் 56இல் செய்துவிட்டால் என்ன கேடு?

கடினம் கூடக் கூட எஃகு நொறுங்கும் இயல்பு பெறும். வெட்டும் விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும். அதற்குக் கடினம் தேவை. ஸ்க்ரூடிரைவரை முறுக்கும்போது முனையில் திருகுவிசை ஏறுகிறது. அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் முனை தெறித்துவிடும். மென்மையாக இருந்தால் மூலை மழுங்கி ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். ஸ்பிரிங்கின் பாடு வேறு. கத்தியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து நிமிர வேண்டும். கடினமான எஃகு அந்த வேலையில் சீக்கிரம் களைத்து முறிந்துவிடும். இட்லிக்கும் தோசைக்கும் மாவின் பதம் வேறு என்பதுபோல, ஒவ்வொரு உறுப்புக்கும் எஃகின் பதம் வேறு. மலிவான கத்திகள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். ஒரே தகட்டில் எல்லாக் கருவிகளையும் அடித்தெடுத்து, ஒரே சூட்டில் போட்டு எடுத்தால் செலவு மிச்சம். ஆனால் கத்தி ஒரு வாரத்தில் மழுங்கும், ஸ்க்ரூடிரைவர் முதல் இறுகிய ஸ்க்ரூவிலேயே முறுக்கிக்கொள்ளும்.

சூளையில் நடப்பது

இந்தப் பதம் எப்படி வருகிறது? எஃகை நன்றாகச் சூடேற்றும்போது அதன் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் கார்பன் அணுக்கள் நிறையக் கரைந்து உட்காரும். சட்டென்று குளிரவைத்தால் அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும். கார்பனோ வெளியேற நேரமில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். இழுபட்டு விறைத்துப்போன அந்த அமைப்புக்கு ‘மார்டென்சைட்’ என்று பெயர். எஃகின் கடினத்துக்கு அதுவே காரணம். அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடையும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றி விறைப்பைத் தளர்த்துவார்கள். விக்டோரினாக்ஸ் தன் கத்தியை 1040 டிகிரி செல்சியஸில் கடினமாக்கி, 160 டிகிரியில் விறைப்பு தளர்த்துகிறது.

வெப்பநிலையோ நேரமோ தவறினால் நல்ல எஃகும் வீணாகும். முறையாகச் செய்தால் சாதாரண எஃகும் சிறக்கும். அமெரிக்காவின் பக் நிறுவனம் இதற்கு நல்ல சாட்சி. 420எச்சி என்பது விலை குறைந்த, நடுத்தர எஃகு. வெப்பப் பதப்படுத்தலில் பெயர்பெற்ற பால் பாஸ் வகுத்த முறையில் அதே எஃகைப் பதப்படுத்தித்தான் பக் கத்திகள் புகழ் பெற்றன. கத்தியின் மேல் பொறித்திருக்கும் எஃகின் பெயர் பாதித் தகவலையே தருகிறது. மீதிப் பாதி சூளையில் தீர்மானமாகிறது.

எஃகுகளின் வரிசை

எஃகின் பெயர்களையும் ஓரளவு தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மலிவான சீனக் கத்திகளில் அடிக்கடி வரும் 3சிஆர்13 எஃகில் கார்பன் சுமார் 0.3 சதவீதம். துரு எளிதில் ஏறாது, ஆனால் கூர் நிலைக்காது. விக்டோரினாக்ஸ் பயன்படுத்தும் 1.4110 என்ற எஃகில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் 14 சதவீதத்தை ஒட்டி. 8சிஆர்13எம்ஓவி என்ற சீன எஃகில் கார்பன் சுமார் 0.8 சதவீதம், சரியாகப் பதப்படுத்தினால் இது நன்றாகவே உழைக்கும். சீனத் தயாரிப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது நியாயமில்லை.

அமெரிக்க லெதர்மேன் நிறுவனத்தின் ‘வேவ் பிளஸ்’ கத்தியில் இருப்பது 420எச்சி. அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த ‘சார்ஜ்’ வரிசையில் எஸ்30வி என்ற எஃகும் உண்டு. இதில் கார்பன் 1.45 சதவீதம், வனேடியம் 4 சதவீதம். வனேடியமும் கார்பனும் சேர்ந்து உருவாகும் துகள்கள் மிகக் கடினமானவை. அட்டை, கயிறு, கம்பளம் என எதை அறுத்தாலும் விளிம்பு நெடுநாள் தாங்கும். ஆனால் கூர் போனால் மீட்பது கடினம். சாதாரண சாணைக்கல்லின் துகளைவிட வனேடியத் துகள் கடினமானது என்பதால் வைரப்பொடிக் கல் வேண்டும். 1.4110 எஃகோ வீட்டுச் சாணைக்கல்லில் சில நிமிடத்தில் கூராகிவிடும். இரண்டில் எது உயர்ந்தது என்பது நீங்கள் எதை அறுக்கிறீர்கள், எப்படித் தீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிளேயரின் வருகை

1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கப் பொறியாளர், மனைவியுடன் பழைய ஃபியட் 600 காரில் ஐரோப்பா சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. பையில் இருந்த மடக்குக் கத்தியில் பிளேயர் இல்லாதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. ஊர் திரும்பியவர் பிளேயருடன் கூடிய கத்தியை வடிவமைத்தார். 1980இல் காப்புரிமை கிடைத்தது. 1983இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் நண்பர் ஸ்டீவ் பெர்லினருடன் நிறுவனம் தொடங்கினார். முதல் ஆண்டில் நாலாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். ஏறத்தாழ 30,000 விற்றது.

பிளேயர் வந்ததும் போட்டியின் களமே மாறியது. பிளேயர் ஒரு நெம்புகோல். கைப்பிடியில் கொடுக்கும் விசை, அச்சாணியைத் தாண்டி வாயில் பல மடங்காகிறது. ஆகவே அச்சாணிதான் அதிகம் தேயும் இடம். லெதர்மேன் கைப்பிடியை விரித்துப் பிளேயரை வெளியே எடுக்க வேண்டும். கெர்பர் நிறுவனத்தின் பல மாதிரிகளில் பிளேயர் முன்னால் சறுக்கி வரும். ஒரே கையால் திறக்கலாம், ஆனால் சறுக்கும் பாதையில் ஆட்டம் வர வாய்ப்பு உண்டு. சாக் நிறுவனம் பல்சக்கரங்களை வைத்துப் பிளேயரின் பிடியை இன்னும் வலுவாக்கியது. சக்கரங்கள் சேர்ந்ததால் அமைப்பு சற்றுச் சிக்கலானது. விக்டோரினாக்ஸும் 1990களின் பிற்பகுதியில் ‘ஸ்விஸ் டூல்’ என்ற பிளேயர் மாதிரியைக் கொண்டுவந்தது. உள்ளங்கையை அழுத்தாத வளைந்த கைப்பிடியும், மென்மையாகத் திறக்கும் பூட்டும் அதன் பலம். எடை அதிகம் என்பது குறை. கம்பி வெட்டும் பகுதி தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றும் வசதி லெதர்மேன் வேவ் பிளஸ்ஸில் உண்டு. அன்றாடம் கம்பி வெட்டும் எலக்ட்ரீஷியனுக்கு இது பெரிய உதவி.

பூட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்தியில் பூட்டு கிடையாது; ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே கத்தியைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. குத்தி அழுத்தும் வேலைக்கு அது ஆகாது, விரலில் மடங்கிவிடும். 2008இல் சுவிஸ் ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய கத்தி 111 மில்லிமீட்டர் நீளமும் பூட்டும் ஒரு கையால் திறக்கும் வசதியும் கொண்டது. 75,000 கத்திகளுக்கான அந்த டெண்டர் உலக வணிக அமைப்பின் விதிப்படி வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் திறந்திருந்தது. கடைசியில் விக்டோரினாக்ஸுக்கே கிடைத்தது.

கூரை அளக்கும் இயந்திரம்

கூர் என்பதை அளக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள கேட்ரா என்ற ஆய்வு மையம் இதற்கென்றே ஒரு இயந்திரம் வைத்திருக்கிறது. மணல்துகள் கலந்த அட்டைக் கட்டின் மேல், மாறாத சுமையுடன் கத்தியை முன்னும் பின்னும் இழுப்பார்கள். தொடக்கத்தில் எவ்வளவு ஆழம் வெட்டியது என்பது கூர்மையின் அளவு. பல சுற்றுகள் முடிந்தபின் மொத்தம் எவ்வளவு வெட்டியது என்பது கூர் நிலைக்கும் அளவு. இவை இரண்டும் வேறு வேறு. பெட்டியிலிருந்து எடுத்ததும் முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூராக இருக்கும் கத்தி, நாலு அட்டைப்பெட்டி அறுத்ததும் மழுங்கிப்போகலாம்.

இத்தகைய சோதனைகள் காட்டும் இன்னொரு உண்மை, விளிம்பின் கோணத்தின் முக்கியத்துவம். மெல்லிய கோணத்தில் தீட்டிய சாதாரண எஃகு, தடித்த கோணத்தில் தீட்டிய உயர்ந்த எஃகைவிட நன்றாக வெட்டக்கூடும். கோணத்தை நாமே சாணைக்கல்லில் மாற்றிக்கொள்ளலாம்; எஃகை மாற்ற முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடையில் ஆய்வகம் இல்லை. கண்ணும் கையும் போதும். எல்லாக் கருவிகளையும் மடக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். கத்தியைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று தெளிவாக நிற்க வேண்டும். பிளேயரை மூடினால் வாயின் நுனி இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியின் மூலைகள் கூர்மையாகச் சதுரித்திருக்க வேண்டும், உருண்டிருந்தால் வேண்டாம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டு எஃகின் வகையைச் சொல்லாத கத்தியில் சந்தேகம் கொள்ளுங்கள். உத்தரவாதத்தையும் கேளுங்கள்: லெதர்மேன் 25 ஆண்டு தருகிறது, விக்டோரினாக்ஸ் பொருளிலும் செய்நேர்த்தியிலும் வரும் குறைக்கு ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கிறது.

வாங்கிய பிறகு பராமரிப்பும் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் உப்புக்காற்றும் வியர்வையும் அதை அரிக்கும். வெதுவெதுப்பான நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காதீர்கள், பறிமுதல் செய்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

என் தீர்ப்பு இது. வீட்டுக்கும் பயணத்துக்கும் பத்துக்கும் குறைவான கருவிகள் கொண்ட 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி போதுமானது. வண்டி, மின்சாரம், வயல் என்று கைவேலை செய்பவர்கள் பிளேயர் உள்ள லெதர்மேனையோ ஸ்விஸ் டூலையோ வாங்கலாம். பணம் குறைவென்றால், எஃகின் பெயரைத் துணிந்து பொறித்திருக்கும் சீனக் கத்தி ஒன்றைப் பொறுமையாகத் தேடுங்கள். எதை வாங்கினாலும் கருவிகளின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். எஃகு எது, கடினம் எவ்வளவு, பழுதானால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.